பல்லின் பெயரும் எல்லையும்: அங்கத்தினர் அறிய வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் முத்தியால்பேட்டையில் நெசவாளர் சங்கமொன்றின் கணக்குகளைத் தணிக்கை செய்துகொண்டிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் அவசரக் கடனுக்கான மனுவைக் கொணர்ந்தார். ஒன்பது வயது மகளின் பல் வைத்தியச் செலவுக்காக அக்கடன் வேண்டப்பட்டது. மனுவுடன் பல் வைத்தியர் எழுதிய சீட்டும் இணைக்கப்பட்டிருந்தது. அச்சீட்டில் நோயுற்ற பல் ‘46’ என்று குறிக்கப்பட்டிருந்தது.

“ஐயா, மனிதனுக்கு முப்பத்திரண்டு பல் என்றுதானே சொல்வார்கள்? என் மகளுக்கு நாற்பத்தாறாம் பல் என்று எழுதியிருக்கிறார்களே! சீட்டு வேறு யாருடையதோ என்று ஐயமாக இருக்கிறது” என்றார் அவர்.

பட்டப் படிப்புப் படித்திருந்தும் அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் வைத்தியரிடமே கேட்டுத் தெளிந்தேன். சீட்டில் பிழை ஏதும் இல்லை. பிழை வேறோரிடத்தில் இருந்தது. அப்பல்லில் ஓராண்டுக்கும் மேலாக வலி இருந்திருக்கிறது. “பால்பல்தானே, விழுந்து வேறு முளைக்கும்” என்றெண்ணிப் பெற்றோர் கிராம்புத் தைலம் தடவியே நாளைக் கடத்திவிட்டனர். அதுவோ விழுந்து முளைக்கும் பல்லன்று. வாழ்நாள் முழுதும் நிற்க வேண்டிய பல். காலம் கடந்துவிட்டமையால் அதனைக் காக்க இயலவில்லை, எடுத்துவிட நேர்ந்தது.

ஒரு பல்லின் பெயரையும் இலக்கத்தையும் அறியாமையால் விளைந்த நட்டம் இது. நூற்கணக்கும் நிலக்கணக்கும் பிழையறப் பார்க்கும் நம் அங்கத்தினர், தம் வீட்டுப் பிள்ளைகளின் பற்கணக்கையும் அறிந்துகொள்வது நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதலானேன்.

பல்லின் தொகையும் வகையும்

மனிதனுக்குப் பற்கள் இருமுறை முளைக்கின்றன. முதலில் வருபவை பால்பற்கள். குழந்தைக்கு ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் தொடங்கி, இரண்டரை முதல் மூன்று வயதுக்குள் மேல்தாடையில் 10, கீழ்த்தாடையில் 10 ஆக 20 பற்கள் நிறைவுறும். பின்னர் வருபவை நிலைப்பற்கள். இவை ஆறு வயதளவில் தொடங்கி, மேலும் கீழும் பதினாறு பதினாறாக 32 ஆகும். அவற்றுள் கடைசி நான்கும் ஞானப்பற்கள்; பதினேழு வயதுக்குப் பிறகே தோன்றும். சிலருக்கு அவை தோன்றாமலே போவதும் உண்டு.

வாயை நடுவில் நேர்கோட்டால் இடமும் வலமுமாகப் பிரித்தால், மேலும் கீழுமாக நான்கு கால்பகுதிகள் கிடைக்கும். வளர்ந்தவர் வாயில் ஒவ்வொரு கால்பகுதியிலும் எட்டுப் பற்கள் உள. நடுக்கோட்டிலிருந்து எண்ணினால் முதல் இரண்டும் வெட்டுப்பற்கள். உளிபோல் தட்டையான விளிம்புடன் உணவைக் கடித்து அறுப்பவை. மூன்றாவது கோரைப்பல், கூர் முனையுடன் கிழிப்பது. நான்காவதும் ஐந்தாவதும் முன்கடைவாய்ப் பற்கள். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்றும் பின்கடைவாய்ப் பற்கள். அம்மி போலப் பரந்த முகத்துடன் அரைப்பவை.

குழந்தையின் வாயிலோ ஒவ்வொரு கால்பகுதியிலும் பால்பற்கள் ஐந்தே: வெட்டுப்பல் இரண்டு, கோரைப்பல் ஒன்று, கடைவாய்ப்பல் இரண்டு. இந்த ஐந்து என்னும் எண்ணை வாசகர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் பயன் முழுதும் அதனுள் அடங்கியிருக்கிறது.

பயிரிடும் அங்கத்தினர்க்குப் பற்கணக்குப் புதிதன்று. மாட்டுக்கும் பால்பற்கள் 20, நிலைப்பற்கள் 32 என்பது வியப்புக்குரிய ஒற்றுமை. ஆயினும் மாட்டின் மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அவ்விடத்தில் தடித்த ஈறே உள்ளது. எட்டு முன்பற்களும் கீழ்த்தாடையிலேயே இருக்கும். அவற்றுள் பால்பற்கள் சோடி சோடியாக விழுந்து நிலைப்பற்கள் வருவதைக் கொண்டே சந்தையில் வயதைக் கணிக்கின்றனர். இரண்டு பல் போட்டது ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை வயது. நாலு பல் மூன்று வயதளவு. ஆறு பல் மூன்றரை முதல் நான்கு. எட்டும் வந்து பல் சேர்ந்தது நான்கரை முதல் ஐந்து. இனத்திற்கும் தீனிக்கும் ஏற்பச் சிறிது முன்பின்னாகலாம்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. கடன் வாங்கிக் கொள்ளும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பாராமல் எவரும் கொள்வதில்லை. அங்ஙனம் மாட்டின் வாயைத் திறந்து பார்ப்பவர், தம் பிள்ளையின் வாயை ஆண்டுக்கொரு முறையேனும் திறந்து பார்ப்பதுண்டா என்பதே கேள்வி.

பல்லின் உறுப்புகள்

ஈற்றுக்கு மேல் வெளியே தெரியும் பகுதி பல்லின் தலை. ஈற்றோடு ஒட்டிய இடம் கழுத்து. தாடை எலும்பினுள் புதைந்திருப்பது வேர். வெட்டுப்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் பெரும்பாலும் ஒரே வேர். கீழ்ப் பின்கடைவாய்ப் பல்லுக்கு இரண்டும், மேற்பல்லுக்கு மூன்றும் வழக்கமாக இருக்கும். அகன்று அரைக்கும் பல்லுக்குப் பல கால்களை ஊன்றி நிற்கும் வலு வேண்டியிருக்கிறது.

பல்லை நெடுக்காக அறுத்துப் பார்த்தால் அடுக்குகள் தெரியும். தலையின் மேற்போர்வை எனாமல். உடலில் உள்ள பொருள்கள் யாவற்றிலும் கடினமானது இதுவே. எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 96 பங்கு தாதுப்பொருள். அதன் கீழே மஞ்சள் சாயல் கொண்ட டென்டின். பல்லின் பெரும்பகுதி இதனால் ஆனது. இது எனாமலைவிட மென்மையானது, உணர்ச்சியும் உடையது. நடுவே உள்ள அறையில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த பற்கூழ் இருக்கிறது. வேரின் மேற்பூச்சுக்குச் சிமென்டம் என்று பெயர். வேரைத் தாடையோடு நுண்ணிய நார்கள் பிணைத்து நிற்கின்றன.

இவற்றுள் எனாமலைப் பற்றி ஓர் உண்மையைக் குறித்துக்கொள்ள வேண்டும். எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் வளரும். இழந்த எனாமலோ மீண்டும் வளராது. அதனை ஆக்கிய உயிரணுக்கள், பல் ஈற்றைக் கிழித்து வெளிவரும்போதே அழிந்துவிடுகின்றன. ஆண்டாண்டாக நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கமுடையோரின் வெட்டுப்பல் விளிம்பில் சிறு வெட்டுத் தடம் விழுவதும், அது மறையாமல் நிற்பதும் இக்காரணத்தாலேயே. கத்தரிக்கோல் தேய்ந்தால் சாணை பிடிக்கலாம். பல்லுக்குச் சாணை இல்லை.

சொத்தையின் போக்கும் இதனால் விளங்கும். வாயிலுள்ள கிருமிகள் இனிப்பையும் மாவுப்பொருளையும் புளிக்கச் செய்து அமிலம் உண்டாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. எனாமலில் உணர்ச்சி இல்லை. ஆதலால் வலியும் இல்லை. டென்டினை எட்டும்போது கூச்சம் தோன்றும். பற்கூழை எட்டும்போதே உறக்கம் கெடும் வலி பிறக்கும். ஆகவே வலி வரும்வரை காத்திருப்பது, நெருப்புக் கூரையை எட்டும்வரை காத்திருப்பதற்கு ஒப்பாகும்.

பல்லின் நான்கெல்லை

சங்கத்தில் நிலத்தை ஈடு காட்டிக் கடன் பெறுவோர் அறிவர்: பத்திரத்தில் நிலத்தின் எண்ணும் நான்கெல்லையும் குறிக்கப்பட வேண்டும். பல்லைக் குறிக்கும் முறையும் இதுவே.

நிலத்துக்குக் கிழக்கு மேற்கு என்று திசை சொல்லலாம். பல்வரிசையோ லாடம் போல் வளைந்திருக்கிறது. முன்பல்லின் ‘பக்கம்’ கடைவாய்ப் பல்லுக்கு ‘முன்’ ஆகிவிடும். எனவே வைத்தியர்கள் இடம், வலம் என்று சொல்லாமல் முகத்தின் நடுக்கோட்டையே அளவைக் கல்லாகக் கொள்கின்றனர். ஒரு பல்லில் நடுக்கோட்டை நோக்கிய பக்கம் நடுப்பக்கம். அதற்கு எதிர்ப்பக்கம் கடைப்பக்கம். வெளிப்புறம் முன்பற்களில் உதட்டுப் பக்கம் என்றும், பின்பற்களில் கன்னப் பக்கம் என்றும் பெயர் பெறும். உட்புறம் கீழ்த்தாடையில் நாக்குப் பக்கம். மேல்தாடையில் அண்ணப் பக்கம். ஐந்தாவதாக, எதிர்த்தாடைப் பல்லோடு பொருந்தும் முகம், பின்பற்களில் மெல்லும் முகம் எனப்படும். வெட்டுப்பற்களில் அது வெறும் வெட்டு விளிம்பே.

மேற்சொன்ன சிறுமியின் பல்லுக்குப் பத்திரம் எழுதினால் இவ்வாறு அமையும்: கீழ்த்தாடை வலக் கால்பகுதியில், இரண்டாம் பால்கடைவாய்ப் பல்லுக்குப் பின்னும், இனி வரவேண்டிய ஏழாம் பல்லின் இடத்துக்கு முன்னும், கன்னத்துக்கு உள்ளும், நாக்குக்கு வெளியிலும் நிற்கும் பல். இதன் மெல்லும் முகத்தில் சொத்தை. இத்தனையையும் வைத்தியர் ஓர் இலக்கத்திலும் ஓரிரு சொல்லிலும் சுருக்கி எழுதிவிடுகிறார்.

இச்சொற்களை அங்கத்தினர் நெட்டுருப் போட வேண்டியதில்லை. ஆயினும் “கீழ்வரிசை, வலப்புறம், நடுவிலிருந்து ஆறாவது, கன்னத்தின் பக்கம் வலிக்கிறது” என்று சொல்லத் தெரிந்தால், வைத்தியர்க்கும் எளிது. நமக்கும் பிழை நேராது. தமிழில் இதற்குச் சொல் வறட்சி ஏதும் இல்லை. த, ந என்னும் எழுத்துகளின் பிறப்பைக் கூறுமிடத்து நன்னூலார் மேல்வாய்ப் பல்லை ‘அண்பல்’ என்று வழங்கியிருப்பதை இலக்கணம் பயின்றோர் அறிவர்.

46 என்பது நாற்பத்தாறன்று

இனி இலக்கத்துக்கு வருவோம். பல் மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பு 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தோன்றியது. பல்லைக் குறிக்க நாட்டுக்கொரு முறை வழங்கியமையால் நேர்ந்த குழப்பத்தை நீக்க, ஈரிலக்க முறையை 1970-ஆம் ஆண்டில் அது ஏற்றுக்கொண்டது. நம் நாட்டிலும் இம்முறை பரவலாக வழங்குகிறது.

முதல் இலக்கம் கால்பகுதியைக் குறிக்கும். மேல் வலம் 1. மேல் இடம் 2. கீழ் இடம் 3. கீழ் வலம் 4. வலமும் இடமும் நோயாளியுடையவை. எதிரில் நின்று பார்ப்பவருடையவை அல்ல. இரண்டாம் இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதைக் காட்டும். ஆகவே 46 என்பதை நாற்பத்தாறு என்று படித்தல் தவறு. நான்கு, ஆறு என்று பிரித்துப் படிக்க வேண்டும். நான்காம் கால்பகுதியின் ஆறாம் பல் என்பது பொருள். நிலப் பத்திரத்தில் கதாஸ்தர் எண்ணையும் மறு அளவை எண்ணையும் சேர்த்துக் கூட்டிப் படிப்பார் இல்லை அல்லவா? அது போன்றதே இதுவும்.

பால்பற்களுக்குக் கால்பகுதி இலக்கம் அதே வரிசையில் 5, 6, 7, 8 என்று வரும். கீழ் வலப்புறத்தின் கடைசிப் பால்பல் 85 ஆகும். ஆதலால் சீட்டில் முதல் இலக்கம் ஐந்தோ அதற்கு மேலோ ஆயின் பால்பல். நான்கோ அதற்குக் கீழோ ஆயின் நிலைப்பல். சீட்டை வாங்கியவுடன் தாய் தந்தையர் பார்க்க வேண்டிய முதற்செய்தி இதுவே.

சில வைத்தியர்கள் கூட்டல் குறி போன்ற கட்டத்தின் மூலையில் 1 முதல் 8 வரையுள்ள எண்ணை எழுதுவர். இது 1861-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து ஸிக்மாண்டி என்னும் மருத்துவர் வகுத்த பழைய முறை. அமெரிக்காவில் 1 முதல் 32 வரை தொடர்ச்சியாக எண்ணுகின்றனர். அங்கே நம் 46-ஆம் பல்லுக்கு 30 என்று பெயர். அயல்நாட்டிலுள்ள உறவினர் வேறு எண் சொன்னால் மருள வேண்டா.

ஆறாண்டுப் பல்

பெற்றோர் ஏமாறும் இடத்தை இப்போது காண்போம். பால்பல் ஒன்று விழுந்து, அவ்விடத்தில் நிலைப்பல் வந்தால் யாவரும் அறிவர். விழுந்த பல்லைக் குழந்தை கையில் ஏந்தி வீடெங்கும் காட்டும். ஆனால் ஆறாம் பல் எந்தப் பால்பல்லின் இடத்திலும் வருவதில்லை. ஐந்தாம் பால்பல்லுக்குப் பின்னால், வெற்று ஈற்றில், ஆறு ஏழு வயதளவில் ஓசையின்றி எழுகிறது. முன்னே எதுவும் விழாமையால், இது புதிதாக வந்ததென்று எவருக்கும் தோன்றுவதில்லை. மற்றைப் பால்பற்களோடு இதுவும் ஒன்றென்று எண்ணிவிடுகின்றனர். வாயின் மூலையில் மறைந்திருப்பதால் பிள்ளையின் தூரிகையும் அங்கே எட்டுவதில்லை. புதிய எனாமல் முற்றாதிருப்பதும், மெல்லும் முகத்தில் ஆழ்ந்த பள்ளங்கள் இருப்பதும் சேர்ந்து சொத்தைக்கு இடங்கொடுக்கின்றன.

புதுவையில் பிரெஞ்சு மொழி பயின்ற முதியோர் இன்றும் உளர். அம்மொழியில் இப்பல்லுக்குத் தனிப்பெயர் உண்டு: ‘தான் த சீஸான்’, ஆறாண்டுப் பல் என்பது பொருள். பால்பல், ஞானப்பல் என்னும் பெயர்கள் நம் மொழியிலும் வழங்குகின்றன. இந்த நடுப்பல்லுக்கு மட்டும் நம் வீடுகளில் பெயர் வழங்கவில்லை. பெயரில்லாத பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிப்பார் இல்லாதது போல, பெயரில்லாத பல்லையும் கவனிப்பார் இல்லை. ஆதலால் ஆறாண்டுப் பல் என்னும் பெயரை நாமும் வழக்கிற் கொள்வோமாக. நினைவில் நிறுத்துவதும் எளிது: ஆறாம் வயதில் வரும், வரிசையில் ஆறாவதாக நிற்கும், இலக்கமும் ஆறில் முடியும். நான்கு கால்பகுதிக்கும் 16, 26, 36, 46 என நான்கு பற்கள்.

இப்பல் போனால் என்ன என்று கேட்கலாம். அரைக்கும் பற்களில் பெரும்பாலும் இதுவே பெரியது. இது போய்விட்டால் பின்பல் முன்னோக்கிச் சாயும், எதிர்த்தாடைப் பல் தாங்கலின்றித் தன் வரிசையை விட்டு நீளும், கடி பொருந்தாது. தறியின் அச்சில் ஒரு பல் வளைந்தால் அந்த ஒரிடத்தோடு நிற்பதில்லை. துணி நெடுகக் கோடு விழுகிறது என்பதை நெசவாளர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டுவன

பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்ததும், சில மாதத்துக்கொரு முறை பகல் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்க்க. நடுக்கோட்டிலிருந்து விரல் வைத்து எண்ணுக. விழுந்த பல்லின் இடத்தையும் ஒன்றாகவே கொள்க. ஐந்துக்குப் பின் ஆறாவது ஒன்று இருக்குமாயின், அது பால்பல் அன்று, நிலைப்பல்.

அப்பல்லின் மெல்லும் முகத்தில் கறுப்போ குழியோ தெரிந்தால், வலி இல்லாவிடினும் வைத்தியரிடம் காட்டுக. குழி சிறிதாயின் அடைத்துவிடலாம். குழியே விழாதபோது, பள்ளங்களை அடைக்கும் காப்புப் பூச்சு ஒன்று உண்டு. பல் நன்கு வெளிவந்ததும் அதனைப் பூசலாமா என்று கேட்டறிக. பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசையால் நாளைக்கு இருமுறை துலக்குவதும், படுக்கப்போகுமுன் துலக்கியபின் எதுவும் தின்னாதிருப்பதும் இன்றியமையாதவை. ஏழெட்டு வயதுவரை கடைவாயைப் பெரியவர் ஒருவரே துலக்கிவிடுதல் நன்று.

பால்பல்லையும் புறக்கணிக்கலாகாது. அது பின்வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கும் காவலாள். காலத்துக்கு முன் அது போனால், பக்கத்துப் பற்கள் சாய்ந்து வரும் பல்லின் வழியை அடைத்துவிடும்.

பல்லை எடுக்க வேண்டுமென்று கூறப்பட்டால், “எந்த எண்? பால்பல்லா, நிலைப்பல்லா? காக்க வழியுண்டா?” என்று மூன்று கேள்வி கேட்க. கேட்பது மரியாதைக் குறைவாகாது. நம் கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலை நிறுவனம் என்னும் அரசினர் நிறுவனம் இருப்பதை முத்தியால்பேட்டை அங்கத்தினர் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். நம் வீட்டுக்கும் அதற்கும் இடையே உள்ள தூரம் ஒரு காலைப்பொழுதின் தறி வேலையே.

அச்சிறுமியின் செய்தியை முடித்துவிடுகிறேன். வலப்புறப் பல் போயிற்று. ஆனால் அன்றே இடப்புறத்து 36-ஆம் பல்லையும் வைத்தியர் பார்த்தார். அதில் அப்போதுதான் சிறு குழி தொடங்கியிருந்தது, அடைத்துக் காப்பாற்றினார். தந்தை பின்னர்ச் சங்கத்துக்கு வந்தபோது, தம் இளைய மகனையும் அழைத்து வந்திருந்தார். பையனுக்கு வயது ஆறு. “ஐயா, எண்ணிப் பார்த்தேன். கீழே இரண்டு பக்கமும் ஆறாவது முளைத்திருக்கிறது” என்றார்.

அந்த எண்ணிக்கைக்குச் செலவு ஏதும் இல்லை. ஒரு விரலும் சிறிது வெளிச்சமும் போதும். இவ்விதழைப் படித்து முடித்ததும், வீட்டில் ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருப்பின் அழைத்து எண்ணிப் பார்க்குமாறு அங்கத்தினர் ஒவ்வொருவரையும் வேண்டிக்கொள்கிறேன். முதல் அழியாமல் காப்பதே கூட்டுறவின் முதற்பாடம். பிள்ளையின் ஆறாண்டுப் பல்லும் அத்தகைய முதலே. ஒருமுறை போனால் எந்தச் சங்கமும் அதனைத் திரும்பக் கடனாகக் கொடுக்க இயலாது.